பூஜ்யம்

பாயான் லெப்பாஸில் எனக்கு வேலை
தூசி எண்ணுவது.
கண்மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பு,
காற்றடித்து ஆளைத் துடைக்கும் ஓர் அறை,
அதற்கப்பால் ஒரு கன அடிக்கு
எத்தனை துகள் என்று சொல்லும் பெட்டி.
இரவு எட்டிலிருந்து காலை எட்டு.
பூஜ்யம் வந்தால் லைன் லீடர் ஹாலிஜா
கண்ணாடிக்கு அந்தப்புறம்
கட்டைவிரல் காட்டுவாள்.

வீட்டிலும் அப்படித்தான் வைத்திருந்தேன் கடலை.
ஜெலுத்தோங் அடுக்குமாடி, ஒன்பதாம் மாடி,
மூன்றடிக் கண்ணாடிப் பெட்டிக்குள்.
ஜன்னலைத் திறந்தால் நிஜக் கடல்,
கலங்கல், எண்ணெய்ப் படலம், மிதக்கும் போத்தல்.
என்னுடையது வாளியில் நானே கரைத்த உப்பு.
நைட்ரேட் பூஜ்யம். பாஸ்பேட் பூஜ்யம்.
பூஜ்யம் என்றால்
பூசிக்கத் தக்கது என்றும் பொருளாம்.
பூசித்தேன்.

பிப்ரவரியில் ஒரு பிற்பகல் தூங்கி எழுந்தால்
மணல்மேல் பழுப்பாய் ஏதோ.
மூக்குச்சளிபோல் இழை,
இழை நுனியில் காற்றுக்குமிழ்.
குழாய் வைத்து உறிஞ்சினேன். போனது.
மறுநாள் வேலை முடிந்து வந்தபோதும்
மணல் பால்வெள்ளை.
விளக்கு எரிந்து இரண்டு மணி நேரம்,
திரும்ப வந்திருந்தது,
பவளக் கிளையெல்லாம் சடைபிடித்து.
பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
தண்ணீர் மாற்றினேன்.
மறுபடி மாற்றினேன்.
மாற்ற மாற்றத் தழைத்தது.

நத்தைகள் மேய்ந்தன, கவிழ்ந்தன.
நிமிர்த்தி வைப்பேன்,
சம்பள நாள் இரவில் லிஃப்ட் வாசலில் கிடப்பவரை
நிமிர்த்துவதுபோல.
மாலைக்குள் மறுபடி கவிழ்ந்திருக்கும்.
பதினொன்றில் ஏழு போயிற்று.
ஏழையும் முகர்ந்து பார்த்துத்தான் வெளியே எடுத்தேன்.

பக்கத்து வீட்டு யஷ்வினியின்
பள்ளி நுண்ணோக்கியை இரவல் வாங்கி
ஒரு சொட்டு வைத்தேன்.
எள்.
ஒவ்வொரு எள்ளும் ஒருமுனை கட்டியதுபோல்
நின்ற இடத்தில் சுற்றியது.
செக்கில்லாமல் செக்கு சுற்றியது,
எள்ளும் தானே, மாடும் தானே.
அழகாய்த்தான் இருந்தது, சொல்ல வெட்கம்.
பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கி
நானூற்றுப் பத்தில் விட்டேன்.

ஜாலான் பேராக்கில் மீன்கடை கோர்
என் தண்ணீரைச் சோதித்துவிட்டுச் சிரித்தார்.
"ரொம்பக் கிளீன் லா, தங்கச்சி.
பாசிக்கே சாப்பாடு இல்ல, ஓடிப் போச்சு.
காலி வீட்டுக்கு யார் வருவா?
இதான் வரும்."
சீசாவில் அழுக்கு விற்றார்,
முப்பத்தெட்டு வெள்ளி.

மூன்று நாள் இருட்டு.
கறுப்புக் குப்பைப் பைகளைக் கிழித்து நாற்புறமும் ஒட்டி
மேலே பழைய போர்வை.
"ஹாலில் பிரேதம் கிடத்தின மாதிரி இருக்கே" என்றார் கணேந்திரன்.
ஆனாலும் நான் வேலையில் இருந்த இரவுகளில்
போர்வைக்கடியில் கைவிட்டு அவர்தான்
சொட்டு மருந்து எண்ணினார்.
இடைவேளையில் கைப்பேசியைத் திறந்தால்
அவரிடமிருந்து ஒரே வரி:
"இருட்டாத்தான் இருக்கு."
புற ஊதா விளக்கு மட்டும் குழாய்க்குள்
கொசுபோல் முனகியதாம்.

நான்காம் நாள் பிரித்தோம்.
கோமாளி மீன் வெளிறி மூலையில் நின்றது.
பவளங்கள் முஷ்டி மடக்கியிருந்தன.
மணல் வெள்ளை.
அந்த வெள்ளையை நான் நம்பவில்லை.

பத்து நாள் கழித்து முன்கண்ணாடியில்
பச்சையாய் ஒரு புகை.
பாசி. வெறும் பாசி.
கணேந்திரன் வழக்கம்போல் பிளேடை எடுத்தார்.
"தொடாதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில்
மீனே திரும்பிப் பார்த்தது.

நேற்றிரவும் பெட்டி பூஜ்யம் காட்டியது.
ஹாலிஜா கட்டைவிரல் காட்டினாள்.
நானும் காட்டினேன்,
கையுறைக்குள் நகக்கண்ணில்
கழுவியும் போகாத உப்பு உறுத்த.

இன்று காலைக் கணக்கு:
நைட்ரேட் ஐந்து.
பாஸ்பேட் புள்ளி பூஜ்யம் எட்டு.
ஒரு பாறை இடுக்கில் இன்னும் பழுப்பு, விரலகலம்.
நத்தை நாலு,
அதில் ஒன்று கண்ணாடிப் பச்சையில்
கோணல்மாணலாய்ப் பாதை போட்டுக்கொண்டு.